மழை தந்த ஒரு புள்ளி

எட்டு ஆட்டம்.
ஏழு தோல்வி, ஒன்று மழை.
பட்டியலின் அடியில் எங்கள் பெயருக்கு நேரே
ஒரு புள்ளி நிற்கிறது.
மட்டையால் வந்ததல்ல, பந்தால் வந்ததல்ல.
களனிப் பக்கமிருந்து வந்த
கறுத்த முகிலொன்று போட்ட பிச்சை.

டாம் வீதியில்
ஆணிக்கும் பூட்டுக்கும் பி.வி.சி. குழாய்க்கும்
பில் எழுதுகிறவள் நான்.
ஐந்து மணிக்குக் கல்லாவைப் பூட்டி,
கைப்பைக்குள் சுருட்டிய செம்மஞ்சள் ரீ-சேட்டை மாட்டிக்கொண்டு
பஞ்சிகாவத்தை வழியே கெத்தாராமவுக்கு நடக்கிறேன்.
நடைபாதையில் வாங்கிய ரீ-சேட்.
நெஞ்சில் கழுகு இருக்கவேண்டும்.
இரண்டு தரம் தோய்த்ததில் கோழியாகிவிட்டது.
"பொருத்தம்தானே" என்றார் பௌமி முதலாளி.
போன மாதமே கண்டி அணிக்குத் தாவியவர்,
பேசுவார்.

எங்கள் ஆரம்பத் துடுப்பாட்டக்காரன் மரியாதை தெரிந்தவன்.
விலகிப்போகும் பந்தை
விருந்தாளியைப்போல வாசல்வரை போய் வழியனுப்புவான்.
மட்டையின் ஓரத்தால் ஒரு தொடுகை,
ஸ்லிப்பில் நிற்பவன் கையேந்தி வாங்கிக்கொள்வான்.
ஏழு இன்னிங்ஸில் ஆறு தரம் இதே உபசாரம்.
ஏழாவது தரம் ரன் அவுட்.
எழுந்து நின்று கைதட்டினோம்,
புதிதாக ஒன்று செய்தானே.

மிட்விக்கெட்டில் நழுவிய அந்தப் பிடியைப் பற்றி
இனிப் பேசுவதில்லையென்று சத்தியம் செய்திருக்கிறோம்.
பேசுகிறோம்.

முதல் ஆட்டத்துக்குப் பப்பரே குழுவில் ஒன்பது பேர்.
இப்போது விமலசேனவின் ட்ரம்பெட்டும் ஒரு மேளமும்.
மேளக்காரனுக்கும் எட்டரைக்குக் கடைசி பஸ்.
திட்டுவதற்கு மட்டும் ஆள் குறையவில்லை.
மூன்று மொழியிலும் திட்டுகிறோம்,
யாரும் யாரிடமும் அர்த்தம் கேட்டதில்லை.
நோர்பட் அண்ணன் வாயைத் திறக்கமாட்டார்.
தவக்காலம்.
இந்த அணியையே நாற்பது நாள் விட்டுவிடவா என்று
சுவாமியிடம் கேட்டாராம்.
"விடுவது தியாகமாக இருக்கவேண்டும் மகனே,
இது நிவாரணம்."

அந்த மழையைச் சொல்லவேண்டும்.
மூன்றாம் ஆட்டம்.
நாலு ஓவரும் ஒரு பந்தும், பத்தொன்பது ஓட்டம்,
நாலு விக்கெட் போய்விட்டது.
இன்னும் ஐந்து பந்து வீசினால்
கணக்குப் போட்டே எங்களைத் தோற்கடித்துவிடுவார்கள்.
முதல் துளி என் கையில் விழுந்தது.
நடுவர் வானத்தைப் பார்த்தார்,
நாங்கள் நடுவரைப் பார்த்தோம்.
எங்கள் ஆள் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினான்,
அவிழ்த்தான், மறுபடி கட்டினான்.
இந்தப் பருவத்தில் அவன் காட்டிய
ஒரேயொரு பொறுமையான ஆட்டம்.
பிறகு கொட்டியது.
வெறுங்காலோடு ஓடிவந்த மைதான ஊழியர்கள்
சரிந்தும் எழுந்தும் தார்ப்பாயை இழுத்து
ஒரு துளி விடாமல் மூடினார்கள்.
அதுபோல ஒரு களத்தடுப்பு
எங்கள் பதினொரு பேரிடம் நான் கண்டதில்லை.
விமலசேன ட்ரம்பெட்டில் நிறைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு ஊதினார்.
நனைந்த கடலைப் பொட்டலத்தோடு நான் ஆடினேன்.
உலகக் கிண்ணம் வென்றவர்கள்கூட
அவ்வளவு நனைந்திருக்கமாட்டார்கள்.

நேற்றிரவு எட்டாவதும் போயிற்று.
வாயிலில் கப்டனின் பஸ் நின்றது.
கத்துவதற்கு ஒரு வசனத்தை
முழு இரண்டாம் பாதியும் பாடமாக்கி வைத்திருந்தேன்.
கண்ணாடிக்குள் அவன்
நெற்றியைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்,
வாய் லேசாகத் திறந்து.
வசனத்தை நோர்பட் அண்ணனிடம் சொன்னேன்.
சிரித்தார். தவக்காலத்துக்கு அது பரவாயில்லையாம்.

நாளை கடைசி ஆட்டம்.
மேல் மாகாணத்தில் சீரான வானிலை என்கிறது வானொலி.
துரோகிகள்.
முந்நூறு ரூபாய் டிக்கெட் பில் புத்தகத்துக்குள் இருக்கிறது,
பூட்டுக் கணக்குக்கும் குழாய்க் கணக்குக்கும் நடுவில்.
கொட்டாஞ்சேனை மொட்டைமாடிக் கொடியில்
ரீ-சேட் காய்கிறது.
கடற்காற்றுக்குக் கோழி இறக்கை அடிக்கிறது.
கொஞ்சம் தள்ளி நின்று,
கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால்
கழுகுதான்.